வயலில் கிடைத்த சிக்கிமுக்கிக் கல்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், தெற்கு இங்கிலாந்தில் வீடு கட்டுவதற்கு முன்னால் ஒரு வயலைத் தோண்டிப் பார்த்தபோது சிக்கிமுக்கிக் கல்லில் செய்த பழங்காலக் கருவிகள் கிடைத்ததைப் பற்றி ஒரு வாசகருக்கு நாலே வரியில் பதில் சொல்லியிருந்தேன். நாலு வரி யாருக்கும் போதவில்லை என்பது வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்ததும் புரிந்தது. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கே: சாதாரணமாக உடைந்த கல்லுக்கும் மனிதன் உடைத்த கல்லுக்கும் என்ன வித்தியாசம்? படத்தைப் பார்த்தால் எனக்கு எல்லாம் ஒரே கல்லாகத்தான் தெரிகிறது.

ப: படத்தில் தெரியாது, கையில் எடுத்தால்தான் தெரியும். சிக்கிமுக்கிக் கல் உடைகிற விதம் ஏறக்குறைய கண்ணாடி உடைகிற விதம். மற்ற பல பாறைகளைப் போல மணி மணியாக உதிராது, தகடு தகடாகவும் பிரியாது. ஓரத்தில் ஒரு கூழாங்கல்லால் சரியான கோணத்தில் தட்டினால், அடி விழுந்த புள்ளியிலிருந்து விசை கூம்பு மாதிரி விரிந்து உள்ளே போய் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வரும். அந்தச் சில்லைத் திருப்பி அதன் உட்புறத்தைப் பாருங்கள். அடி விழுந்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், கட்டைவிரலால் தடவினால் நன்றாகவே தட்டுப்படும். அந்தப் புடைப்பிலிருந்து, குளத்தில் கல் போட்ட மாதிரி, வளைவு வளைவாக அலைகள் கீழ்நோக்கிப் போகும். மேலே, அடி வாங்கிய இடத்தில், தட்டையான சின்ன மேடை ஒன்று மிச்சமிருக்கும். முதுகுப் பக்கத்தில் இதற்கு முன்னால் பெயர்த்த சில்லுகளின் தழும்புகள் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்து இருந்தால், யாரோ ஒருவர் யோசித்து யோசித்துத் தட்டியிருக்கிறார் என்று சொல்லலாம்.

உறைபனியில் வெடித்த கல்லில் இந்தப் புடைப்பு இருக்காது. அதில் வட்டங்கள் இருந்தாலும் அவை கல்லின் நடுவிலிருந்து தொடங்கும், ஓரத்திலிருந்து தொடங்காது. நெருப்பில் சுட்ட கல் வெளிறி, வலைப்பின்னல் மாதிரி விரிசல் விட்டிருக்கும். சில சமயம் சட்டி மூடி போல வட்டமான துண்டுகள் தெறித்துப் போன பள்ளங்களும் இருக்கும்.

ஆனால் கலப்பைக் கொழுவும் கல்லைத் தட்டும், கடல் அலையும் தட்டும். அப்படி விழுந்த சில்லிலும் புடைப்பு வரும், அலையும் வரும். அதனால் ஒற்றைச் சில்லை வைத்துக்கொண்டு சத்தியம் பண்ணக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கென்ட் பகுதியில் பெஞ்சமின் ஹாரிசன் என்ற கிராமத்து மளிகைக்கடைக்காரர், ஓரம் சிதைந்த முரட்டுக் கற்களைச் சேகரித்து, இவைதான் மனிதன் செய்த முதல் கருவிகள் என்று நம்பினார். பெரிய அறிஞர்கள் சிலரே அவர் பக்கம் நின்றார்கள். வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. கடைசியில் மண்ணின் அழுத்தத்தில் கல்லோடு கல் நெரிபட்டாலே ஓரம் அப்படி உடையும் என்று தெரியவந்தது. ஹாரிசன் ஏமாற்றுக்காரர் இல்லை, உண்மையாகத் தேடியவர். கல்லை மட்டுமே பார்த்தால் யாருக்கும் அந்தத் தவறு நேரும்.

கே: ஐயா, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலில் போன வருஷம் பொக்லைன் வைத்து நீள நீளமாகப் பள்ளம் தோண்டினார்கள். ஏதோ குழாய் பதிக்கிறார்கள் என்று நினைத்தோம். பிறகுதான் அது தொல்லியல் ஆய்வு என்று தெரிந்தது. இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அறிக்கையில் "சில கற்சில்லுகள் கிடைத்தன" என்று ஒரு வரிதான் இருக்கிறது. இதற்கா இவ்வளவு செலவு? யார் கொடுக்கிறார்கள்? (இங்கிலாந்திலிருந்து ஒரு வாசகி)

ப: செலவு கட்டடம் கட்டுகிறவருடையது. 1990-ல் வந்த ஒரு அரசு வழிகாட்டுதலில் இருந்து அங்கே அப்படித்தான் நடக்கிறது. 2012-ல் வந்த தேசியத் திட்டக் கொள்கையும் அதையே தொடர்கிறது. கட்டட அனுமதி கேட்கும்போதே, அந்த நிலத்துக்குள் பழைய தடயம் எதுவும் இருக்குமா என்று விண்ணப்பிப்பவர் காட்ட வேண்டும். முதலில் பழைய வரைபடங்கள், விமானப் படங்கள், அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே கிடைத்தவற்றின் பதிவேடு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பிறகு காந்தமானியை, அதாவது மண்ணுக்குள் பழைய குழியோ வாய்க்காலோ இருந்தால் காந்தப்புலத்தின் சிறு மாறுதலை வைத்துக் காட்டும் கருவியை, தூக்கிக்கொண்டு நிலம் முழுக்க நடப்பார்கள். அதற்கப்புறம்தான் நீங்கள் பார்த்த பள்ளங்கள்.

அந்தப் பள்ளங்கள் பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குள் அகலமும், முப்பதிலிருந்து ஐம்பது மீட்டர் வரை நீளமும் இருக்கும். மொத்த நிலத்தில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்குதான் இப்படித் திறந்து பார்க்கப்படுவது வழக்கம். பொக்லைனில் பல் இல்லாத, விளிம்பு தட்டையான வாளியை மாட்டி, மண்ணைச் சீவிச் சீவி எடுப்பார்கள். பக்கத்திலேயே ஒரு தொல்லியலாளர் நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். மேல்மண் போய், யாரும் கைவைக்காத இயற்கை மண் தெரிந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். மஞ்சள் மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தால் அது பழைய குழி, கறுப்பாக ஒரு கோடு போனால் அது பழைய வாய்க்கால். அந்த வட்டத்தில் பாதியை மட்டும் கையால் வெட்டி எடுப்பார்கள், மீதிப் பாதி சுவர் மாதிரி நிற்கும். குழி எப்படி நிரம்பியது என்பது அந்தச் சுவரில் வரிவரியாகத் தெரியும்.

இந்த வேலையின் நோக்கம் புதையல் தேடுவது இல்லை. இங்கே என்ன இருக்கிறது, எவ்வளவு கெடாமல் இருக்கிறது, வீடு கட்டினால் எது அழியும் என்று தெரிந்துகொள்ளத்தான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, முழு அகழாய்வு வேண்டுமா, கட்டடத்தை நகர்த்த வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா என்று அனுமதி கொடுக்கும் உள்ளூர் கவுன்சில் முடிவு செய்யும். மூடியதால் வேலை வீணாகிவிடவில்லை, அறிக்கை அந்த வட்டாரப் பதிவேட்டில் சேர்ந்துவிடும்.

ஆனாலும் உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சிக்கிமுக்கிக் கல் காந்தமானியில் தெரியாது. வேட்டையாடி அலைந்த மனிதர்கள் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போன இடத்தில் குழியும் இருக்காது, வாய்க்காலும் இருக்காது, கற்சில்லுகள் மட்டும் சிதறிக் கிடக்கும். பின்னால் வந்தவர்கள் பல நூறு ஆண்டுகள் உழுது உழுது அந்தச் சில்லுகள் எல்லாம் மேல்மண்ணில் கலந்து கிடக்கின்றன. பொக்லைன் முதல் வேலையாகச் சீவித் தள்ளுவது எதை? அதே மேல்மண்ணை! உழுத வயலில் வரிசையாக நடந்து பொறுக்கிப் பார்ப்பதும், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சின்னக் குழிகள் போட்டு மேல்மண்ணைச் சல்லடையில் சலிப்பதும்தான் இதற்கு வழி. இரண்டுக்கும் ஆள் வேண்டும், நாள் வேண்டும். இவற்றைச் செய்யாமல் "சில சில்லுகள் மட்டுமே" என்று ஒரு அறிக்கை சொன்னால், அது அங்கே இருந்ததைச் சொல்கிறதா, தேடிய விதத்தைச் சொல்கிறதா என்று நான் கேட்பேன். உங்கள் அறிக்கையில் மேல்மண்ணைச் சலித்தார்களா என்று பாருங்கள். அறிக்கைகள் பொதுவாக யாரும் படிக்கக்கூடியவைதான்.

கே: அதே அறிக்கை மாதிரி ஒன்றை நானும் படித்தேன். ரோமானியர் கால வாய்க்காலில் கற்காலக் கருவி கிடைத்தது என்று போட்டிருந்தது. ரோமானியர்கள் கற்கருவி பயன்படுத்தினார்களா?

ப: இல்லை. வாய்க்கால் வெட்டியபோது ஏற்கெனவே மண்ணில் கிடந்த பழைய சில்லு, கரை சரிந்தபோது மண்ணோடு மண்ணாக உள்ளே விழுந்திருக்கும். ஒரு குழியின் காலத்தை அதில் கிடைத்த பழைய பொருளை வைத்துச் சொல்ல முடியாது, கடைசியாக உள்ளே போன பொருளை வைத்துத்தான் சொல்ல முடியும். உங்கள் பாட்டியின் காசு உங்கள் சட்டைப் பையில் இருந்தால் சட்டை பாட்டி காலத்துச் சட்டை ஆகிவிடாதல்லவா, அந்தக் கதைதான்.

கே: கல்லுக்கு வயது கண்டுபிடிக்க முடியாது என்கிறார்கள், ஆனால் ஆறாயிரம் வருஷம், எட்டாயிரம் வருஷம் என்று எழுதுகிறார்கள். எது உண்மை?

ப: இரண்டும் உண்மை. பொருளில் மிச்சமிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் கரிமக் கணிப்பு, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் செல்லும். சிக்கிமுக்கிக் கல் எப்போது உருவானது என்றால் பல கோடி வருஷம், அதனால் நமக்கு ஒரு பயனும் இல்லை. எப்போது உடைத்தார்கள் என்பதுதான் கேள்வி. அதற்குக் கல்லோடு கிடக்கிற துணை வேண்டும். பிரிட்டனில் அந்தத் துணை பெரும்பாலும் ஹேசல் என்ற காட்டுச் செடியின் கொட்டையின் கருகிய ஓடு. கொட்டையை வறுத்துத் தின்று ஓட்டை நெருப்பில் போட்டிருக்கிறார்கள், கரியானதால் அது மக்காமல் இருக்கிறது. ஒரு கொட்டை ஒரே பருவத்தில் காய்த்தது என்பதால் அதன் தேதி சுத்தமாக வரும். பெரிய மரத்துக் கரியை நம்பினால் மரத்தின் வயதும் சேர்ந்து குழப்பும். ஆனால் அந்த ஓடும் அந்தச் சில்லும் ஒரே குழியில் ஒரே அடுக்கில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

நெருப்பில் நன்றாகச் சுட்ட கல்லாக இருந்தால், கடைசியாக எப்போது சுட்டது என்று ஒளி உமிழ்வை அளந்து சொல்ல ஒரு முறை உண்டு. இரண்டும் இல்லாவிட்டால் வடிவம்தான் கதி. சுண்டுவிரல் நகத்தைவிடச் சில சமயம் சின்னதாக இருக்கும் நுண்கருவிகள் பிரிட்டனில் இடைக் கற்காலத்தைக் காட்டும், அதாவது கி.மு. 9500 வாக்கில் தொடங்கி கி.மு. 4000 வரை. இலை வடிவ அம்புமுனை என்றால் விவசாயம் வந்த புதிய கற்காலத்தின் தொடக்கம். நடுவில் காம்பும் இரண்டு பக்கமும் கொக்கியும் உள்ள அம்புமுனை என்றால் வெண்கலக் காலம் தொடங்கிய சமயம். ஆமாம், உலோகம் வந்த பிறகும் கல் உடனே போய்விடவில்லை. வெறும் சில்லாக இருந்தால் வடிவமும் கைவிட்டுவிடும், "வரலாற்றுக்கு முற்பட்டது" என்று மட்டும்தான் நேர்மையாக எழுத முடியும்.

கே: இந்தக் கல்லை உரசித்தான் தீ மூட்டினார்களா? பெயரே அப்படித்தானே இருக்கிறது.

ப: கல்லோடு கல்லை உரசினால் மினுக்கும், பஞ்சு பற்றாது. சிக்கிமுக்கி வேலை செய்ய இரும்பு வேண்டும், இரும்பு வருவதற்கு முன் இரும்புக் கந்தகக் கல்லை வைத்துத் தட்டினார்கள். 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஓட்ஸி என்ற மனிதனின் உடமைகளில் தீப்பற்றும் காளான் இருந்தது, அதில் அந்தக் கந்தகக் கல்லின் துகள் ஒட்டியிருந்தது. அவன் வாழ்ந்தது ஐயாயிரம் வருஷத்துக்கும் முன்னால். இடுப்பில் சிக்கிமுக்கிக் கல்லில் செய்த கத்தியும் வைத்திருந்தான், மரப்பிடி போட்டது.

கே: அம்புமுனை, கோடரி சரி. கழிவுச் சில்லுகளை ஏன் ஒன்று விடாமல் கழுவி, எண் போட்டு, பைக்குள் வைக்கிறார்கள்? குப்பைதானே?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அம்புமுனை வேட்டையோடு போய்விடும், விலங்கின் உடம்பில் போகும், காட்டில் தொலையும். குப்பை மட்டும்தான் உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கும்.

சசெக்ஸ் பகுதியில் பாக்ஸ்குரோவ் என்று ஒரு இடம். ஏறக்குறைய 5 லட்சம் வருஷத்துக்கு முன்னால் அங்கே மனிதர்கள் ஒரு குதிரையை அறுத்திருக்கிறார்கள். அதற்கான கைக்கோடரிகளை, அதாவது பிடி போடாமல் கையிலேயே பிடித்து அறுக்கும் கற்கருவிகளை, அங்கேயே உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். சில்லுகள் விழுந்தது விழுந்தபடி மெல்லிய வண்டல் மூடிவிட்டது. ஆய்வாளர்கள் அந்தச் சில்லுகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பொருத்திப் பழைய கல்லாக மறுபடி உருவாக்கினார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள், உறையில் படமே இல்லாத புதிர்த் துண்டுகள் அவை. அப்படிப் பொருத்தும்போது நடுவில் ஒரு வெற்றிடம் மிஞ்சும், அந்த வெற்றிடத்தின் வடிவம்தான் செய்து எடுத்துப் போன கைக்கோடரி. கருவி இல்லை, ஆனால் கருவி எப்படி இருந்தது என்று குப்பை சொல்லிவிடுகிறது. எந்தச் சில்லு முதலில், எது அடுத்து, எங்கே கை தவறியது, எங்கே கல்லைத் திருப்பிப் பிடித்தார் என்பது வரை தெரியும். பல லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் செய்த அரைமணி நேர வேலை, அடி அடியாக! ஒவ்வொரு சில்லும் எந்த இடத்தில் கிடந்தது என்று குறித்து வைக்காமல் இருந்திருந்தால் இது எதுவும் கிடையாது.

கே: இவ்வளவு கல் எங்கிருந்து வந்தது? வயலில் சும்மா கிடைக்குமா?

ப: பல இடங்களில் சும்மாவே கிடைக்கும். வெள்ளை வெளேரென்ற சுண்ணப்பாறைக்குள் உருண்டை உருண்டையாக விளைகிற கல் இது. பழைய கடலில் வாழ்ந்த கடற்பஞ்சு போன்ற உயிர்களின் சிலிக்கா கரைந்து மறுபடி இறுகி உண்டானது. பாறை கரைந்து தேய்ந்த இடத்தில் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் வயலிலும் சிதறிக் கிடக்கும். ஆனால் மேலே கிடக்கும் கல் பனியில் அடிபட்டு உள்ளுக்குள் கீறல் விட்டிருக்கும், தட்டினால் நினைத்த மாதிரி உடையாது. நல்ல கல் வேண்டுமென்றால் கீழே போக வேண்டும்.

நார்ஃபோக்கில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில் அப்படித்தான் போயிருக்கிறார்கள். நானூறுக்கும் மேற்பட்ட சுரங்கக் குழிகள், சில 12 மீட்டருக்கும் மேல் ஆழம். ஏறக்குறைய 4,600 வருஷத்துக்கு முன்னால் தொடங்கிய வேலை. மேலே இரண்டு அடுக்குக் கல்லைத் தாண்டி, அடியில் இருந்த கறுத்துப் பளபளக்கும் மூன்றாவது அடுக்குக்காகவே இறங்கியிருக்கிறார்கள். கருவி என்ன தெரியுமா, மான்கொம்பு! 1870-ல் கிரீன்வெல் என்ற பாதிரியார் ஒரு குழியைத் தோண்டித் திறந்தபோது, போட்டது போட்டபடி கொம்புகள் கிடந்தன. அவற்றின் பிடியில் அப்பியிருந்த சுண்ணத் தூசியில், கடைசியாகப் பிடித்த தொழிலாளியின் விரல் பதிவு அப்படியே இருந்தது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிற இடம் இது.

கே: இவை மனிதன் செய்தவை என்று முதலில் யார் கண்டுபிடித்தது?

ப: இடி விழுந்த கல், தேவதைகள் எய்த அம்பு என்றெல்லாம்தான் ஐரோப்பிய மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனிதன் செய்தது என்று நினைத்தவர்கள் அங்கங்கே இருந்தார்கள். ஆனால் நான் தலைவணங்குவது ஜான் ஃப்ரெரே என்பவருக்கு. 1797-ல் சஃபோக்கில் ஹாக்ஸ்னே என்ற ஊரில் செங்கல்லுக்கு மண் எடுத்த குழியில் கைக்கோடரிகளைப் பார்த்தார். வேலையாட்கள் அவற்றைக் கூடை கூடையாக அள்ளிச் சாலைப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஃப்ரெரே லண்டன் தொல்பொருள் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில், கருவிகளை மட்டும் வர்ணிக்காமல், மேலே எத்தனை அடி மண், அதற்குக் கீழே எத்தனை அடி களிமண், அதற்குக் கீழே சிப்பியோடு மணல், அதற்கும் கீழே 12 அடி ஆழத்தில் சரளையில் கருவி என்று அடுக்கு அடுக்காக எழுதினார். உலோகமே அறியாத மக்கள் செய்தவை, நாம் நினைப்பதைவிட மிக மிகப் பழைய காலத்தவை என்றும் சொன்னார். 1800-ல் அச்சிலும் வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 1859-ல், ஃபிரான்சில் இதேபோன்ற கருவிகளை நேரில் பார்த்துவிட்டு வந்த புவியியலாளர் ஜோசப் பிரெஸ்ட்விச், தொல்பொருள் ஆய்வாளர் ஜான் எவன்ஸ் இருவரும்தான் ஃப்ரெரேவின் கடிதத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். அறுபது வருஷம் கழித்தும் அது செல்லுபடியானது அந்த அடுக்குக் கணக்கால்தான்.

கே: கற்கருவி கிடைத்தால் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டுமா?

ப: இங்கிலாந்தில் 1996-ம் வருஷத்துப் புதையல் சட்டம் பெரும்பாலும் தங்கம், வெள்ளி, உலோகப் பொருள்களைப் பற்றியது. தனியாகக் கிடைத்த கற்கருவி அதில் வராது, நிலத்துக்காரருக்குச் சொந்தம். அதனால் கேட்காமல் எடுத்துப் போகக் கூடாது. பொதுமக்கள் கண்டெடுத்தவற்றைத் தாமாக வந்து பதிவு செய்ய வட்டாரத்துக்கு ஒரு அலுவலரோடு தனித் திட்டமே இருக்கிறது, பதிவு செய்துவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கே: இங்கிலாந்தில் படிக்கிற என் மகன், உழுத வயல் ஓரமாக நடந்தபோது கறுப்பாக, ஓரம் கூராக ஒரு கல்லை எடுத்துவந்தான். உள்ளே நீங்கள் சொன்ன புடைப்பு இருக்கிறது. நேற்றுதான் எடுத்தான். என்ன செய்வது?

ப: நேற்றுதான் என்றால் நேரம் இருக்கிறது. பல வருஷம் முன்பு நானும் இதே மாதிரி ஒரு வயலோரத்தில் ஒன்றை எடுத்தேன். நீளமான மெல்லிய சில்லு, ஒரு முனையில் ஓரத்தைச் சின்னச் சின்னதாகத் தட்டி வளைத்த சுரண்டி, தோல் பதப்படுத்த வைத்திருப்பார்கள். வலது கையில் பிடித்தால் ஆள்காட்டி விரல் போய் உட்கார ஒரு பள்ளம்கூட இருந்தது. சந்தோஷத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் கேட்டது "எங்கே?" என்றுதான். அன்றைக்கு மூன்று வயல் தாண்டி நடந்திருந்தேன், எந்த வயல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, எந்தப் பதிவேட்டிலும் சேராமல்.

உங்கள் மகனை இன்றைக்கே அந்த இடத்துக்குத் திரும்பப் போகச் சொல்லுங்கள். வயலுக்குள் இறங்க வேண்டாம், எடுத்த இடத்துக்கு நேரே பாதையில் நின்று கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளட்டும், வேலியும் மரமும் தெரிய ஒரு படமும் எடுக்கட்டும். பக்கத்தில் இன்னும் சில்லுகள் தெரிந்தால் எத்தனை என்று எண்ணிவிட்டு அங்கேயே விடட்டும். நிலத்துக்காரர் யாரென்று விசாரித்து விஷயத்தைச் சொல்லி, பிறகு வட்டார அலுவலருக்குத் தகவல் கொடுக்கட்டும். கல்லை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், ஓரத்தில் என்ன அறுத்தார்கள் என்பதன் தேய்மானம் நுண்ணோக்கியில் தெரியக்கூடும். தேதி, இடம், எடுத்தவர் பெயர் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கல்லோடு அதே பையில் போட்டு வைக்கட்டும். பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், பேனா மை ஈரம் பட்டால் கலைந்துவிடும்.